பெங்களூருவில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிப்பது ஏன்?

அல்சூரில் ஒரு வீட்டு அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஆய்வக வெப்பமானியை அதில் பிடித்துப் பார்க்கும் பிள்ளை 97 என்று படிக்கிறது. பாடப்புத்தகத்தில் 100 என்று இருக்கிறது. பிள்ளை எழுதிய 97ஐ அடித்துவிட்டு 100 போடச் சொல்லிவிடாதீர்கள். அந்த 3 டிகிரிக்குள் ஊரின் உயரம் இருக்கிறது. குக்கர் விசிலுக்கும் பருப்பு வேகும் நேரத்துக்கும் விளக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் நிற்கும் காற்றின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். பெங்களூருவில் அது சுமார் 930 கிராம்தான். கொதிப்பது என்றால், தண்ணீருக்குள் உண்டாகும் ஆவிக் குமிழி மேலிருந்து அழுத்தும் காற்றை எதிர்த்து விரிய வேண்டும். சுமை குறைந்தால் குமிழிக்கு வேலை சுலபம். குறைந்த சூட்டிலேயே விரிந்துவிடும். தோராயமாக 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். பெங்களூருவில் 97, ஊட்டியில் 92 அல்லது 93, லே நகரத்தில் 88 வாக்கில்.

இதை வீட்டிலேயே அளக்கலாம், ஆனால் சரியாக அளக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை எடுக்கவே கூடாது. அதன் அளவுகோல் 42, 43 டிகிரியோடு முடிகிறது. கொதிநீரில் விட்டால் உடைந்துவிடும். 110 டிகிரி வரை காட்டும், சிவப்புத் திரவம் உள்ள ஆய்வக வெப்பமானி போதும். முதலில் கருவியைச் சோதியுங்கள். ஒரு டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, சிறிது தண்ணீர் ஊற்றி, வெப்பமானியை 5 நிமிடம் அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். ஐஸ் உருகும் சூடு உயரத்தால் மாறுவதே இல்லை என்று சொல்லலாம், அதனால்தான் அதை நம்பிச் சோதிக்கிறோம். 0க்குப் பதில் 1 காட்டினால், பின்னால் வரும் அளவிலிருந்து 1ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு குறுகிய பாத்திரத்தில் அரை லிட்டர் வடிகட்டிய தண்ணீரை, உப்புச் சேர்க்காமல், நன்றாகக் கொதிக்க விடுங்கள். பெரியவர் ஒருவர் இடுக்கியால் வெப்பமானியைப் பிடிக்கட்டும். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் அடுப்பின் சூட்டைத்தான் அது சொல்லும். தண்ணீருக்குச் சற்று மேலே, ஆவிக்குள் பிடிப்பது இன்னும் நல்லது. தண்ணீர் சில நேரம் தன் கொதிநிலையைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும், ஆவி அப்படி ஏமாற்றாது. 3 நிமிடம் கழித்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படியுங்கள். தீயைக் கூட்டினாலும் எண் ஏறாது. கூடுதல் சூடு எல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதில் போய்விடுகிறது.

97 வந்தால் கணக்கு எளிது: 100லிருந்து 3 குறைவு, அதை 300ஆல் பெருக்கினால் 900 மீட்டர். அரை டிகிரி தப்பாகப் படித்தால் உயரத்தில் 150 மீட்டர் பிசகும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அளவையில் பிழை எப்படிப் பெருகுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அரிது. 19ஆம் நூற்றாண்டில் இமயமலையில் சுற்றிய தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் இதே முறையில்தான் உயரங்களை அளந்தார்.

இனி பருப்பு. சூடு 10 டிகிரி குறைந்தால் வேகும் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது சமையலுக்குப் போதுமான ஒரு தோராயம். அப்படிப் பார்த்தால் திறந்த பாத்திரத்தில் சென்னையில் 30 நிமிடம் ஆவது பெங்களூருவில் 36, 37 நிமிடம் ஆகும். குக்கரில் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. குண்டு உள்ளே ஏற்றும் அழுத்தம் இரண்டு ஊரிலும் ஒன்றே, வெளிக்காற்றின் பங்குதான் குறைவு. கடற்கரையில் 120 டிகிரி இருக்கும் குக்கர் இங்கே 118, 119 டிகிரியில் இருக்கும். 8 நிமிடத்தில் குழையும் துவரம்பருப்புக்கு இன்னும் 1 நிமிடம் கொடுத்தால் போதும்.

விசிலை எண்ணுவது மோசமான கடிகாரம். தீ பெரிதானால் விசில் அடிக்கடி வரும், ஆனால் உள்ளே சூடு ஏறாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள்.

அப்படியும் பருப்பு கல்லாகவே இருந்தால் உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். போர்வெல் தண்ணீரைப் பாருங்கள். அதில் கால்சியம், மெக்னீசிய உப்புகள் அதிகம் இருந்தால், பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடும். பருப்பு கரையாமல் நிற்கும். சோப்பு நுரைக்காததும் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டுவதும் அதே உப்புகளால்தான். பருப்பை மட்டும் காவிரித் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். புளியை முன்கூட்டியே ஊற்றினாலும் வேகாது.

இட்லி மாவு பொங்காததற்கும் உயரம் காரணமில்லை. உண்மையில் உயரம் மாவுக்கு உதவவே செய்கிறது: காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அதே அளவு வாயு இங்கே பத்தில் ஒரு பங்கு கூடுதல் இடத்தை அடைக்கும். தடையாக இருப்பது டிசம்பர், ஜனவரி இரவின் 15, 16 டிகிரிக் குளிர். அரிசியும் உளுந்தும் தங்களோடு கொண்டுவரும் லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள்தான் வாயுவை உண்டாக்குகின்றன. அவற்றுக்கு 30 டிகிரி வாக்கில் சூடு வேண்டும், அப்போது 8 முதல் 10 மணி நேரத்தில் மாவு தயார். உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்துவைக்கிறது. 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து என்ற கணக்குக்கும் கீழே உளுந்தைக் குறைத்தால் வாயு வந்தாலும் தங்காது. குளிர்காலத்தில் மாவுப் பாத்திரத்தை, விரல் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்த பெரிய அண்டாவுக்குள் வைத்து மூடுங்கள். கொதிநீர் வேண்டாம், பாக்டீரியாவே செத்துவிடும்.

குழாயில் வரும் தண்ணீருக்கும் இந்த உயரம் விலை வைக்கிறது. காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்து, சுமார் 500 மீட்டர் மேலேற்றப்பட்டு நகரத்துக்கு வருகிறது. 1,000 லிட்டரை, அதாவது 1,000 கிலோவை, 500 மீட்டர் தூக்க 1,000 × 9.8 (புவியீர்ப்பு) × 500, அதாவது 49 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். ஆக, ஒரு சின்டெக்ஸ் டாங்க் தண்ணீருக்குக் குறைந்தது 1.36 யூனிட், குழாய் உராய்வும் பம்பின் இழப்பும் தனி. எட்டாம் வகுப்புப் பிள்ளையால் போட முடிந்த கணக்கு இது. போட்ட பிறகு, டாங்க் வழிந்தால் மோட்டாரை அணைக்க அந்தப் பிள்ளையே ஓடும்.

அடுத்த முறை ரயிலில் சென்னைக்குப் போகும்போது, ஒரு காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே இறுக்கி மூடி எடுத்துச் செல்லுங்கள். வழியில் ஒவ்வொரு நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். பிள்ளை அதைக் குறித்துக்கொண்டே வரட்டும். உயரம் இறங்க இறங்க பாட்டிலின் பக்கங்கள் உள்வாங்கும். சென்ட்ரலில் இறங்கும்போது அதற்குள் இருக்கும் காற்று, பெங்களூருவில் அடைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு இடத்துக்குள் ஒடுங்கப் பார்க்கும்.