கடிகாரம் கொடுத்தால் கருமாதி

2015 ஜனவரியில் பிரிட்டனின் போக்குவரத்துத் துறை இணை அமைச்சர் சூசன் கிரேமர் தைவானின் தலைநகரான தைபேக்குப் போயிருந்தார். மேயர் கோ வென்-ஜேயைச் சந்தித்து, மரியாதைக்காக ஒரு பாக்கெட் கடிகாரத்தைப் பரிசளித்தார். நிருபர்கள் அதைப் பற்றிக் கேட்டபோது, பழைய இரும்புக்காரரிடம் போட்டால் காசாவது கிடைக்கும் என்கிற மாதிரி மேயர் வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். விஷயம் பெரிதாகி, அமைச்சர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் கடிகாரத்தைப் பரிசளிப்பதை 'ஸோங் ஜோங்' என்பார்கள். சாகக் கிடப்பவரின் அருகில் இருந்து கடைசிக் காரியங்களைச் செய்வதும் 'ஸோங் ஜோங்'தான். எழுத்து வேறு, காதுக்கு இரண்டும் ஒன்று. அது பெற்றோருக்குப் பிள்ளை செய்யும் கடமை. ஆகவே கடிகாரத்தை நீட்டுகிறவர், 'உமக்கு நான் கொள்ளி வைக்கிறேன்' என்று புன்னகையோடு சொன்னதாக ஆகிவிடுகிறது. பாக்கெட் கடிகாரத்துக்குச் சீனத்தில் 'பியாவ்' என்று வேறு சொல் உண்டு, ஆகவே சட்டப்படி அமைச்சர் குற்றவாளி அல்ல என்றும் வாதாடலாம். சங்கடத்துக்குச் சட்டம் தெரியாது.

மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடலாம். மாண்டரின் படிக்க நினைப்பவர் தள்ளக்கூடாது என்பேன். நம்மிடமும் வாய்க்கட்டுப்பாடு உண்டு. 'போறேன்' என்று சொன்னால் பாட்டி விடமாட்டார், 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வைப்பார். சுடுகாட்டை நன்காடு என்பதை நன்னூல் 'மங்கலம்' என்று இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் நாம் ஒதுக்குவது பொருளை. சீனர் பல இடங்களில் ஒதுக்குவது ஒலியை. பேரிக்காய் நல்ல பழம், குடை நல்ல பொருள். அவற்றின் பெயர் எதைப் போல ஒலிக்கிறது என்பதுதான் சிக்கல்.

மாண்டரினில் இந்தச் சிக்கல் பெருகியதற்குக் காரணம் அசைப் பஞ்சம். தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, விட்டுவிட்டு எண்ணினால் அந்த மொழியில் இருக்கும் அசைகள் சுமார் 400. தொனிகளைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 1300. சீன அரசு 2013-இல் வெளியிட்ட எழுத்துப் பட்டியலில் அன்றாடத்துக்கு அவசியமானவை என்று வகுக்கப்பட்ட முதல் வரிசையிலேயே 3500 எழுத்துகள் இருக்கின்றன. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. இத்தனை பேருக்கு அத்தனை நாற்காலி இல்லை, ஒரே நாற்காலியில் இரண்டு மூன்று பேர் உட்கார வேண்டும். பழைய சீனத்தில் ப், த், க், ம் என்று முடியும் அசைகள் இருந்தன, தெற்கே கான்டனீஸில் இன்றும் இருக்கின்றன. வடக்கே அவை தேய்ந்து போய், மாண்டரினில் அசையின் கடைசியில் மிஞ்சிய மெய்கள் 'ன்', 'ங்', நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு ரகரம், அவ்வளவே. இந்த நெரிசலைக் காட்டவே மொழியியலாளர் சாவ் யுவான்-ரென் 90-க்கு மேற்பட்ட எழுத்துகளில் ஒரு குட்டிக் கதை எழுதினார். சிங்கம் தின்னும் கவிஞனைப் பற்றிய அந்தக் கதையில் ஒவ்வோர் அசையும் 'ஷு'. தாளில் பார்த்தால் புரியும், வாய்விட்டுப் படித்தால் ஒன்றும் புரியாது.

அதே சாவ்தான் 1930-இல் தொனிகளை அளக்க ஐந்து படிகள் கொண்ட அளவுகோலையும் வகுத்தார். அடிக்குரல் 1, உச்சக்குரல் 5. முதல் தொனி உச்சியிலேயே நேராக நிற்கும் (55). இரண்டாவது நடுவிலிருந்து மேலேறும் (35). மூன்றாவது தாழ்ந்து, முழுதாகச் சொன்னால் மறுபடி எழும் (214). நான்காவது மேலிருந்து கீழே விழும் (51). இந்த உயரங்கள் அவரவர் குரலுக்கு உட்பட்டவை. குரல்நாண் அதிரும் வேகம் குழந்தைக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று. கேட்கிற மூளை பேசுகிறவரின் குரல் எல்லையை ஓரிரு சொற்களுக்குள் கணித்து, அதற்குள் இது மேடா பள்ளமா என்று பார்க்கிறது. நாமும் 'சரி' என்ற ஒரே சொல்லைச் சம்மதமாகவும் சலிப்பாகவும் சொல்கிறோம், ஆனால் ஏற்ற இறக்கம் எதுவானாலும் சொல் 'சரி'தான். அங்கே ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். மா1 அம்மா, மா2 சணல், மா3 குதிரை, மா4 திட்டு. (இனி தொனியின் எண்ணை இப்படிப் பக்கத்தில் போட்டுவிடுகிறேன்.)

இப்போது பழக்கவழக்கங்களைத் திரும்பிப் பாருங்கள், அவை தொனிப் பயிற்சி அட்டவணை மாதிரி தெரியும். புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்தில் மீன் கட்டாயம், அதில் கொஞ்சம் மிச்சமும் வைக்க வேண்டும். மீன் யூ2, மிச்சம் யூ2. (உதட்டை உகரத்துக்குக் குவித்துக்கொண்டு உள்ளே இகரம் சொன்னால் அந்த ஒலி வரும்.) வாசலில் செல்வம், நற்பேறு என்று பொருள்படும் 'ஃபூ2' எழுத்தைச் சிலர் தலைகீழாக ஒட்டுகிறார்கள். கவிழ்வது தாவ்4, வந்து சேர்வதும் தாவ்4. விருந்தாளி பார்த்து 'ஃபூ கவிழ்ந்திருக்கிறதே' என்று சொன்னால், 'நற்பேறு வந்துவிட்டது' என்று அவர் வாயாலேயே வந்துவிடும். பண்டிகை நாளில் தட்டு கீழே விழுந்து உடைந்தால் 'ஸ்வெய் ஸ்வெய் பிங் ஆன்' என்று உடனே சொல்வார்கள். உடைவது ஸ்வெய்4, ஆண்டும் ஸ்வெய்4. ஆண்டாண்டுக்கும் அமைதி.

இவையெல்லாம் தொனி வரைக்கும் அச்சாகப் பொருந்துபவை. பேரிக்காயைப் பங்கிட்டுத் தின்பதும் அப்படித்தான், 'ஃபென் லி' என்றால் பிரிதல். குடை அப்படியல்ல. குடை ஸான்3, கலைந்து போவது ஸான்4. நாலு ஸு4, சாவு ஸு3. (இந்த உகரம் நம் குற்றியலுகரம் மாதிரி, உதடு குவியாது.) தொனி வேறாக இருந்தும் காது சுருக்கென்று திரும்புகிறது, பல கட்டடங்களில் நாலாம் மாடி எண்ணே இருக்காது. எட்டு பா1, செல்வம் சேர்வது ஃபா1. இங்கே மெய்யொலியே வேறு, நெருக்கம் எதுகையளவுதான். ஆசை என்று வந்தால் எதுகையே போதும் போலிருக்கிறது. 2003-இல் சிச்சுவான் ஏர்லைன்ஸ் எட்டு எட்டுகள் கொண்ட தொலைபேசி எண்ணை ஏலத்தில் 23.3 லட்சம் யுவானுக்கு எடுத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கியது 2008 ஆகஸ்ட் 8, இரவு 8 மணிக்கு.

சில சமயம் இந்தக் கூச்சம் சொல்லையே மாற்றிவிடும். சாப்பிடும் குச்சிக்குப் பழைய பெயர் ஜு4. 'நில்' என்பதும் ஜு4. படகோட்டிக்குப் படகு நின்றுபோனால் பிழைப்பு போச்சு. ஆகவே குச்சியை 'வேகம்' என்று பொருள்படும் க்வாய்4 என்று மாற்றி அழைத்தார்கள். மிங் ஆட்சியில், 15-ஆம் நூற்றாண்டில், லு ரோங் என்ற அதிகாரி யாங்சி கழிமுகப் பகுதியில் இந்த வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பேரிக்காயை 'உருண்டைப் பழம்' என்றும், குடையை 'நிற்கும் தொப்பி' என்றும் அங்கே சொன்னார்களாம். அந்த இரண்டும் நிலைக்கவில்லை. குச்சி மட்டும் படகிலிருந்து இறங்கி நாட்டையே பிடித்துக்கொண்டது, இன்று மாண்டரினில் அதன் பெயர் 'க்வாய் ஸு'. தெற்கே ஹொக்கியன் பேசுகிறவர்கள் பழைய சொல்லையே வைத்திருக்கிறார்கள்.

பெயர் கேட்பதிலும் ஒலிநெரிசல் தெரியும். 'நின் க்வெய் ஷிங்?' என்றால் 'தங்கள் மேன்மையான குடும்பப் பெயர்?'. பதில் சொல்கிறவர் முதலில் 'மியன் க்வெய்' என்று மேன்மையைக் கழற்றி வைத்துவிட்டு, 'லி' என்பார். எந்த லி? 'மு ஸு லி', மரமும் பிள்ளையும் சேர்ந்த லி. எழுத்தை வாயாலேயே வரைந்து காட்டுவது அங்கே மரியாதையின் ஒரு பகுதி. ஜாங் என்கிறவர் தான் 'வில்லும் நீளமும்' சேர்ந்தவரா, 'நிற்பதும் விடியலும்' சேர்ந்தவரா என்று சொல்லாவிட்டால் எழுதுகிறவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

அந்த 'நின்' மரியாதைச் சொல், எழுத்தில் 'நி'யின் கீழே ஓர் இதயம் இருக்கும். சாதாரண 'நி' என்றால் நீ. ஆமாம், நீதான். இது தற்செயல், தயவுசெய்து இதிலிருந்து குமரிக்கண்டத்துக்குப் பாலம் கட்ட வேண்டாம். ஆனால் நினைவில் நிற்க உதவும். பழைய பாணி வணக்கமான 'ச்சு ல மா?' இன்னும் உதவும். 'ச்சு' சாப்பிடு, 'ல' ஆச்சு, 'மா' நம் கேள்வி 'ஆ'. வரிசை பிசகாமல் 'சாப்பிட்டாச்சா?'. சுருதி சொல்லுக்குள் வேலையாக இருப்பதால், கேள்வியைத் தாங்க இப்படி ஒரு வால் வசதியாக இருக்கிறது. இங்கே போலவே அங்கேயும் அது சாப்பாட்டு விசாரணை அல்ல, பட்டியல் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.

முதல் நாள் கற்கும் 'நி ஹாவ்'-இலேயே ஒரு பொறி இருக்கிறது. இரண்டும் மூன்றாம் தொனி. இரண்டு பள்ளத்தில் அடுத்தடுத்து இறங்கக் குரலுக்குச் சிரமம், அதனால் முதலாவது இரண்டாம் தொனியாக ஏறிவிடும். நம் புணர்ச்சி விதி மாதிரிதான், எழுத்துக்குப் பதில் சுருதி புணர்கிறது. பாராட்டினால் அடக்கமாகச் சொல்லும் 'நா லி, நா லி' (எங்கே, எங்கே) என்பதிலும் இதே ஏற்றம். நன்றிக்குப் பதிலான 'பு க்ஹெ ச்சி', 'விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளாதீர்கள்' என்று பொருள்படும். அதில் 'பு'வின் நான்காம் தொனி, அடுத்து இன்னொரு நான்கு வருவதால் இரண்டாகிறது. விதியாகப் படித்தால் தலை சுற்றும், நாலு வீட்டுக்குப் போய்வந்தால் வாய் தானாகப் பழகும்.

தமிழ் நாக்குக்கு ஒரு சலுகையும் ஒரு சோதனையும் உண்டு. 'ழென்' (மனிதர்) என்பதன் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பெய்ஜிங்கின் 'பெ', தமிழ் 'பெட்டி'யில் வருகிற அதே பகரம், தொண்டை அதிரும் ஆங்கிலப் பகரம் அல்ல. சோதனை, காற்றில் இருக்கிறது. பா1 எட்டு, காற்றை ஊதிச் சொல்லும் ப்ஹா4 பயம். உள்ளங்கையை வாய்முன் வைத்துப் பழக வேண்டும்.

கடைசியாக, கடிகாரம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் ஒரு யுவான் நாணயத்தைக் கையில் கொடுத்துவிடுவார். பரிசு வியாபாரம் ஆகிவிடும், 'ஸோங்' என்ற சொல்லுக்கே இடமில்லை. ஆனால் நாணயம் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குவது மாய்3. குரலைத் தாழ்த்தாமல் மேலிருந்து விழவிட்டால் மாய்4, அது விற்பது. தைபே மேயர் யோசித்தது அதைத்தான்.