நாரியால திரும்பாதேங்கோ

பெரியப்பான்ர மகன், சின்னனில இருந்து நாங்கள் அண்ணை எண்டு கூப்பிடுறவர், வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு கனடாவில இருந்து வந்து ஒட்டுசுட்டானில எங்களோட ரெண்டு கிழமை நிண்டவர். வானால இறங்கேக்கையே ஒரு கையை நாரியில, அதாவது முதுகின்ர கீழ்ப்பக்கத்தில, வைச்சுக்கொண்டுதான் இறங்கினவர். என்ன அண்ணை எண்டு கேட்டா, வெளிக்கிட முதல் சனிக்கிழமை கோல்ஃப் அடிக்கப் போய், முதல் பந்திலேயே நாரி பிடிச்சுப்போட்டுதாம். 54 வயசு, கிழமைநாளில எட்டு மணித்தியாலம் கதிரையில இருந்து வேலை, கோடையில சனிக்கிழமையளில மட்டும் கோல்ஃப்.

"தம்பி, நான் ஸ்ட்ரெச் பண்ணாமல் ஒருநாளும் தொடங்கிறேல்லை. குனிஞ்சு கால்விரலைப் பிடிச்சுக்கொண்டு பத்து நிமிசம் நிக்கிறனான். பிறகும் ஏன் பிடிச்சது?"

நான் பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் பாடம் படிப்பிக்கிறனான், வொலிபோல் பிள்ளையளும் இதே கேள்வியைத்தான் வேற மாதிரிக் கேக்கிறவை, அதால இதை ஆறுதலா எழுதவேணும் எண்டு கனநாளா யோசிச்சுக்கொண்டு இருந்தனான். எங்கட பக்கம் கோல்ஃப் அடிக்கிற ஆக்களை நான் கண்டதில்லை, இலங்கையில அது நுவரெலியா, கொழும்பு பக்கத்து விளையாட்டு, நுவரெலியாவில 1889 இல தொடங்கின கிளப் இண்டைக்கும் இருக்கு. ஆனா வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் கனபேர் இப்ப விளையாடுகினம், அவைக்கு வாற முதல் வருத்தம் நாரி நோதான், கோல்ஃப் விளையாடுறவையை எடுத்துப் பாத்தா எங்கயும் கூட அடிபடுற இடங்களில முன்னுக்கு நிக்கிறது நாரி.

பந்து பாரமில்லை, 46 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு, நிலத்தில அசையாமல் கிடக்கும், ஆரும் எறியிறதும் இல்லை. பிரச்சினை வேகம். மட்டையைப் பின்னுக்குக் கொண்டுபோக ஒரு செக்கன் கிட்ட எடுக்கும், கீழ கொண்டுவந்து பந்தில படுறதுக்கு கால் செக்கன் அளவுதான், அதுக்குள்ள சாதாரணமா விளையாடுற ஆம்பிளையின்ர மட்டைத்தலையே மணிக்கு 150 கிலோமீற்றர் கிட்ட வேகம் எடுக்கும். அந்த நேரம் நாரியில விழுற அமத்தம் உடம்பு எடையின்ர 8 மடங்கு வரைக்கும் போகும் எண்டு அளந்திருக்கினம். இவ்வளவும் உடம்பு முறுகின நிலையில நடக்குது, அந்த முறுகல் எந்த இடத்தால வருது எண்டதுதான் முக்கியம்.

அண்டைக்குப் பின்னேரம் முத்தத்தில ஒரு கதிரையைப் போட்டு அண்ணையை இருத்தி, முழங்காலை ஒட்டி வைக்கச் சொல்லி, தும்புத்தடியைத் தோளுக்கு மேலால குறுக்க வைச்சுப் பிடிக்கக் குடுத்தன். கதிரையில இருந்தா இடுப்பு அசையாது, அதால முதுகு மட்டும் எவ்வளவு திரும்புது எண்டு தடியைப் பாத்தாலே தெரியும். 45 பாகை, அதாவது தடி நேருக்கும் பக்கத்துக்கும் நடுவில போய் நிண்டா நல்லது. அண்ணைக்கு அது முப்பதைத் தாண்டேல்லை, வலப்பக்கம் அதிலும் குறைவு. அந்த நேரம் பார்த்து பக்கத்து வளவு ஐயா சிறுபோக வயலுக்குத் தண்ணி திருப்பிப்போட்டு மண்வெட்டியோட வந்தவர், 68 வயசு. அவரையும் இருத்திப் பாத்தம். தடி லேசா அம்பது தாண்டிப் போச்சு, அவருக்கு இதில என்ன அதிசயம் எண்டே விளங்கேல்லை.

முள்ளந்தண்டு முழுக்க ஒரே மாதிரித் திரும்பும் எண்டுதான் கனபேர் நினைக்கிறது. நெஞ்சுப் பகுதியில 12 முள்ளென்பு, நாரிப் பகுதியில 5. நாரி முள்ளென்புகளுக்கு இடையில இருக்கிற சின்ன மூட்டுகள் கதவுப் பிணைச்சல் மாதிரி, முன்னுக்குக் குனியவும் பின்னுக்கு நிமிரவும் நல்லா விடும், பக்கத்துக்குத் திருப்பினா எலும்பு எலும்பில முட்டும். அஞ்சு எலும்பையும் சேத்தே ஒரு பக்கத்துக்கு 10 பாகை அளவுதான் கிடைக்கும். நெஞ்சுப் பகுதி 30 பாகைக்கு மேல தரும். மிச்சம் இடுப்பு மூட்டுகளால வரவேணும். மட்டையை மேல கொண்டுபோகேக்க தோள் 90 பாகை கிட்டத் திரும்புது, இடுப்பு 45 அளவில திரும்புது எண்டு கோல்ஃப் படிப்பிக்கிறவை சொல்லுவினம். இப்ப கணக்கைப் பாருங்கோ. நெஞ்சுப் பகுதி இறுகிக் கிடந்து, இடுப்பு மூட்டும் திரும்ப மறுத்தா, குறையிற பாகையை ஆர் குடுக்கிறது? நடுவில அம்பிட்ட நாரிதான். குடுக்க இல்லாததைக் குடுக்கப் போய்த்தான் அது பிடிக்குது.

வலக்கைக்காரருக்கு பந்தை அடிச்சு முடியேக்க முழு உடம்பும் ஊண்டி நிக்கிற இடக்காலுக்கு மேலால சுழலும், அதாவது இடது இடுப்பு மூட்டு உள்ளுக்குத் திரும்பவேணும். நாரி நோ உள்ள கோல்ஃப்காரரில இந்த உள்திரும்பல் குறைவா இருக்கிறதை ஆய்வுகளில கண்டிருக்கினம். வீட்டில பாக்கிறதெண்டா, கதிரையில இருந்து முழங்காலை ஒட்டி வைச்சபடி பாதம் ரெண்டையும் வெளிப்பக்கம் அகட்டுங்கோ, கால் வெளிய போற அளவுதான் இடுப்பு உள்ளுக்குத் திரும்புற அளவு. அண்ணைக்கு இடது பக்கம் கொஞ்சம்தான் போச்சு. நான் ஒண்டும் சொல்லேல்லை, தானாவே "இதுதான் என்ன" எண்டார்.

இப்ப அந்தப் பத்து நிமிசக் குனிதலுக்கு வாறன். தசையை இழுத்துப் பிடிச்சா உள்ளுக்க என்ன நடக்குது? தசைக்குள்ள டைட்டின் எண்டு ஒரு புரதம் சுருள் கம்பி மாதிரி இருக்கு, மனுச உடம்பில உள்ள புரதங்களிலேயே ஆகப் பெரிசு அதுதான், முப்பத்திநாலாயிரத்துக்குக் கிட்ட அமினோ அமிலம் கோத்த சங்கிலி. இழுத்த தசையைத் திரும்பப் பழைய நீளத்துக்குக் கொண்டுவாற வேலையில அதுக்குப் பெரிய பங்கு. தசையைச் சுத்தி கொலாஜன் நாரால ஆன உறை இருக்கு. இதுகளை இழுத்துப் பிடிச்சா முதல் இருவது செக்கனுக்குள்ள இறுக்கம் நல்லாக் குறையும், பிறகு மெல்ல மெல்லத்தான். விட்டா கொஞ்ச நேரத்தில பழையபடி வந்திடும். றப்பர் பட்டி மாதிரி நிரந்தரமா நீண்டு போறேல்லை.

தசைக்குள்ளயே காவல்காரரும் இருக்கினம். தசை நீளுற வேகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிற ஒரு நுண் உறுப்பு, சடாரெண்டு இழுபட்டா முள்ளந்தண்டு நரம்புக்குச் சொல்லும், அங்க இருந்து "சுருங்கு" எண்டு உடன கட்டளை வரும், மூளை வரைக்கும் போற வேலையே இல்லை. டொக்டர் முழங்காலுக்குக் கீழ சுத்தியலால தட்ட கால் எத்துப்படுறது இதாலதான். இதை ஆராஞ்ச ஷெரிங்டனுக்கு 1932 இல நோபல் பரிசு கிடைச்சது. அதால குனிஞ்சு நிண்டு ஆட்டி ஆட்டி இழுத்தா தசை எதிர்த்து இறுகப் பாக்கும், மெதுவாப் போய் நிண்டா விட்டுக்குடுக்கும்.

நான் படிச்சதில என்னை ஆகக் கூட யோசிக்க வைச்சது அடுத்த விசயம். ஸ்ட்ரெச்சிங் செய்து நாலஞ்சு கிழமையில ஒராளுக்கு கால் முந்தியை விட மேல போகுது எண்டு வைப்பம். தசை நீண்டுபோச்சு எண்டுதான் நாங்கள் சொல்லுவம். ஆனா மெசினில வைச்சு அளந்து பாத்தா, அதே கோணத்தில தசை முந்தி காட்டின அதே இழுவிசையைத்தான் இப்பவும் காட்டுது. மாறினது நரம்பு. முந்தி "காணும், இனி ஆபத்து" எண்டு சொன்ன இடத்தில இப்ப அது பேசாமல் இருக்கு. அதாவது வளையிறது எண்டது கனக்க, அந்த இடத்துக்குப் போனா ஆபத்தில்லை எண்டு உடம்புக்கு நம்பிக்கை வாறது. நம்பிக்கை கிழமையில ஒருநாள் பத்து நிமிசம் போய்ப் பாத்து வராது, அடிக்கடி போகவேணும். ஐயான்ர முதுகு திரும்புறதுக்கும் இதுதான் காரணமா இருக்கவேணும், ஒவ்வொரு நாளும் வரம்பு கட்டுறார், குந்தி இருந்து களை பிடுங்கிறார், நிலத்தில சப்பாணி கட்டி இருந்து சாப்பிடுறார், அவற்ர மூட்டுகள் தங்கட எல்லையை மறக்கேல்லை. முழு வீச்சில பாரம் தூக்கிப் பழகினாலும் ஸ்ட்ரெச்சிங் அளவுக்கு வளைவு வரும் எண்டு ஆய்வுகளும் சொல்லுது. அதுக்காக மண்வெட்டி பிடிக்கிறவைக்கு நாரி நோ இல்லை எண்டு சொல்ல வரேல்லை, எங்கட ஊரில கனபேர் அந்த நோவோடதான் வயலுக்குப் போகினம்.

சரி, அடிக்கிறதுக்கு முதல் இழுத்துப் பிடிச்சு நிக்கிறது பிழையோ? ஒரு தசையை 30 செக்கனுக்குள்ள பிடிச்சா பெரிசா ஒண்டும் இல்லை, 60 செக்கனைத் தாண்டிப் பிடிச்சா அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்தத் தசையின்ர பலம் ஏறக்குறைய 5 வீதம் குறையும். இளம் கோல்ஃப் விளையாட்டுக்காரரை வைச்சுச் செய்த ஒரு ஆய்வில, இழுத்துப் பிடிச்சிட்டு அடிச்ச நேரம் மட்டை வேகமும் குறைஞ்சு பந்து போன தூரமும் குறைஞ்சுது. அதோட குனிஞ்சு கால்விரல் தொடுறதில அண்ணையின்ர நெஞ்சுப் பகுதிக்கோ இடுப்புத் திரும்பலுக்கோ ஒண்டும் கிடைக்கேல்லை, தொடையின்ர பின்தசையும் நாரியும்தான் இழுபட்டது.

விடியக் காலமை எண்டா இன்னும் ஒரு விசயம் இருக்கு, இது கோல்ஃப்காரருக்கு மட்டுமில்லை, விடிய எழும்பின கையோட மண்வெட்டியைத் தூக்கிற ஆக்களுக்கும்தான். படுத்துக் கிடக்கேக்க முள்ளென்புகளுக்கு இடையில இருக்கிற டிஸ்க் தண்ணியை உறிஞ்சி ஊதும். காலமை நாங்கள் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல உயரமா இருக்கிறம், எழும்பி முதல் மணித்தியாலத்துக்குள்ளயே அதில அரைவாசி அளவு இறங்கீடும். ஊதின டிஸ்கோட குனிஞ்சா டிஸ்கில விழுற இழுவை பின்னேரத்தை விட நல்லாவே கூட. அண்ணை ஏழு மணிக்கு அடிக்கிறதுக்கு ஆறேகாலுக்கு எழும்பி, காரில இருந்துபோய், இறங்கின உடன குனிஞ்சிருக்கிறார். அதை விட அரை மணித்தியாலம் முந்தி எழும்பி நடந்து திரிஞ்சிருக்கலாம்.

அப்ப என்ன செய்யிறது எண்டா, முதல் உடம்பைச் சூடாக்குங்கோ, அஞ்சு நிமிசம் கை வீசி வேகமா நடந்தாலே காணும், சூடேறின தசையும் நாரும் லேசா நீளும். பிறகு ஆட்டத்தோட சேந்த அசைவுகள்: மட்டையைத் தோளில வைச்சு ரெண்டு பக்கமும் மெதுவாத் திரும்புறது, ஒரு காலை முன்னுக்கு வைச்சு முழங்காலை மடிச்சுக் கீழ இறங்கி முன்கால் பக்கம் திரும்புறது, காலை முன்னும் பின்னும் வீசுறது. கடைசியா மட்டையை அரைவாசி வேகத்தில நாலஞ்சு தரம், முக்கால் வேகத்தில நாலஞ்சு தரம் வீசிப்போட்டுத்தான் பந்தைத் தொடவேணும். பொழுதுபோக்கா விளையாடுற ஆக்களை இப்பிடி அஞ்சு கிழமை செய்ய வைச்சுப் பாத்ததில மட்டை வேகம் நல்லாவே கூடினது. இழுத்துப் பிடிக்கிறதை ஆட்டம் முடிஞ்ச பிறகோ இரவில ரீவி பாக்கேக்கையோ வைச்சுக்கொள்ளுங்கோ, ஒரு இடத்துக்கு 30 செக்கன், ரெண்டு தரம், கிழமையில ஆகக் குறைஞ்சது ரெண்டு மூண்டு நாள். அண்ணைக்கு நான் குடுத்தது ரெண்டே ரெண்டு. பாயில பக்கவாட்டில படுத்து, முழங்கால் ரெண்டையும் மடிச்சு ஒட்டி வைச்சுக்கொண்டு, மேல்கையை வானத்தைப் பாக்கத் திருப்பி மற்றப் பக்கம் கொண்டுபோறது, கண் கையோட போகவேணும், அப்பத்தான் நெஞ்சுப் பகுதி திறக்கும். மற்றது, நிலத்தில இருந்து கையைப் பின்னுக்கு ஊண்டி, பாதத்தை அகட்டி, முழங்காலை ஒவ்வொண்டா உள்ளுக்குச் சரிக்கிறது. மூச்சைப் பிடிக்கக்கூடாது.

சீனி வருத்தம் உள்ளவைக்கு ஒண்டு சொல்லவேணும், எங்கட ஆக்களில அது கூட. இரத்தத்தில சீனி கனகாலம் கூடிக்கிடந்தா அது கொலாஜனில ஒட்டி நாருக்கு நார் முடிச்சுப் போட்டுவிடும், மூட்டுகள் இறுகும், தோள்மூட்டு உறையிற வருத்தமும் இவைக்குக் கூடத்தான் வாறது. கோயிலில கும்பிடுற மாதிரி ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேர கூப்பிப் பாருங்கோ. உள்ளங்கையும் விரலும் முழுக்கப் படாமல் நடுவில இடைவெளி நிண்டா அது இந்த இறுக்கத்தின்ர அடையாளமா இருக்கலாம், டொக்டரிட்டக் காட்டுங்கோ. அண்ணைக்கும் எட்டு வருசமா சீனி. அவர் கை கூப்பேக்க சின்ன விரல்ப் பக்கம் ஒரு ஈர்க்குப் போற அளவுக்கு இடைவெளி இருந்தது, அதைப் பாத்துத்தான் அண்ணி பயந்தவ. நாரி நோவோட கால் விறைச்சாலோ பலமில்லாமல் போனாலோ, சலம் போறது மாறினாலோ ஸ்ட்ரெச்சிங் கதை வேண்டாம், உடன ஆசுப்பத்திரி.

ரெண்டு கிழமை முடியேக்க தும்புத்தடி 38 பாகை கிட்ட வந்தது, நான் சுவரில கரியால கோடு போட்டு வைச்சனான். இடது இடுப்பு அவ்வளவா அசையேல்லை. சில பேருக்கு இடுப்பு மூட்டின்ர எலும்பு அமைப்பே அப்பிடி, எலும்பு எலும்பில முட்டிற இடத்தில எவ்வளவு இழுத்தாலும் வராது, முன்தொடை மடிப்பில கிள்ளுற மாதிரி நொந்தா அங்க நிப்பாட்டவேணும். அதுக்கும் வழி இருக்கு. பந்துக்கு முன்னால நிக்கேக்க இடப்பாதத்தை நேர வைக்காமல் 20, 30 பாகை வெளிப்பக்கம் திருப்பி வைச்சா, கடைசியில இடுப்பு உள்ளுக்குத் திரும்ப வேண்டிய அளவு அவ்வளவுக்குக் குறையும், நாரிக்கும் அந்தளவு ஆறுதல். முத்தத்து மணலில அண்ணை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, இடப்பாதத்தைத் திருப்பி ஊண்டி, ஐயான்ர மண்வெட்டியை வாங்கி மெதுவா ஒருக்கா வீசிப் பாத்தார். "நோகேல்லை" எண்டார். ஐயா மண்வெட்டியைத் திருப்பி வாங்கேக்க, தான் வரம்பு வெட்டேக்க எப்பவும் அப்பிடித்தான் காலை வைக்கிறது எண்டு சொன்னவர்.