மூடினாலும் உறங்காத லேப்டாப்பும் ஒரு தங்க ரேக்கும்

தேவகோட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குக் காரைக்குடியில் கணக்குப் பார்க்கும் வேலை. "சாயங்காலம் லேப்டாப்பை மூடிப் பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறுறேன். வீட்டுக்கு வந்து எடுத்தா தொட முடியாத சூடு, சார்ஜும் பாதிக்கு மேல போயிருது. போன மாசம் திரை உடைஞ்சு மாத்துனதுலேர்ந்து இப்படித்தான். ராகு காலத்துல மாத்தி வாங்கிட்டு வந்ததால வந்த வினைன்னு எங்க அப்பத்தா சொல்றாக."

அப்பத்தா பாதியைச் சரியாகப் பிடித்துவிட்டார். வினை திரை மாற்றியதில்தான் தொடங்கியிருக்கிறது. ராகு காலத்துக்கு அதில் பங்கில்லை. நல்ல நேரத்தில் மாற்றியிருந்தாலும் இதே சூடுதான் இருந்திருக்கும்.

ஸ்லீப் நிலையில் பிராசசர் எனப்படும் செயலி, திரை, விசிறி எல்லாம் நின்றுவிடும். ராம் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். 1996இல் வந்த ஏசிபிஐ என்ற பொது விதிமுறையில் இந்த உறக்கத்துக்கு எஸ்3 என்று பெயர். புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் இதற்குப் பதிலாக மாடர்ன் ஸ்டாண்ட்பை இருக்கிறது. அதில் திரை அணைந்திருக்கும், உள்ளே அவ்வப்போது விழித்து மின்னஞ்சலையும் அப்டேட்டையும் பார்த்துக்கொள்ளும்.

ஆக, மூடிய லேப்டாப் சுடுகிறது என்றால் மூன்று வழக்குகள் இருக்கலாம். மூடியது அதற்குத் தெரியவே இல்லை. தெரிந்தும் ஏதோ ஒரு மென்பொருள் தூங்க விடவில்லை. தூங்கிவிட்டுப் பாதியில் எழுந்துகொண்டது. பிரித்தறிய எளிய வழி, ஸ்டார்ட் மெனுவில் போய் ஸ்லீப்பை அழுத்திப் பார்ப்பது. அங்கே அழுத்தினால் தூங்குகிறது, மூடியை மூடினால் மட்டும் தூங்கவில்லை என்றால் சங்கதி மூடியைச் சுற்றித்தான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், மூடியை மூடினால் ஸ்லீப் என்ற தேர்வு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேர்வு சரியாக இருந்தும் தூங்கவில்லையா? இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மூடியிருக்கிறோம் என்பது லேப்டாப்புக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலானவற்றில் திரையின் சட்டத்துக்குள் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருக்கும். அது வந்து படியும் இடத்துக்கு நேர் கீழே, விசைப்பலகைப் பக்கம், மிளகை விடச் சிறிய ஓர் உணரி. அதற்கு ஹால் உணரி என்று பெயர்.

ஹால் என்பவர் எட்வின் ஹால். 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். காந்த விசை கம்பியைத்தான் தள்ளுகிறது, கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தை அல்ல என்று மாக்ஸ்வெல் எழுதியிருந்தார். மின்காந்தவியலில் மாக்ஸ்வெல்லுக்கு மேல் வாக்கு கிடையாது. ஹாலுக்கு மட்டும் அது மனத்துக்கு ஒப்பவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் தங்க ரேக்கை ஒட்டினார். நம் செட்டிநாட்டு வீடுகளில் தொங்கும் தஞ்சாவூர்ப் படங்களில் மின்னுகிறதே, அது போன்ற ரேக்குதான். அதன் நீளவாக்கில் மின்சாரத்தைச் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப் புலத்தை வைத்தார். ரேக்கின் இரு ஓரங்களுக்கும் இடையே சிறியதொரு மின்னழுத்தம் தோன்றியது. எலக்ட்ரான் என்றொரு துகள் இருப்பதை ஜே. ஜே. தாம்சன் காட்டியது 1897இல். அதற்கு 18 ஆண்டுகள் முன்பே, ஓடுவது இன்னதென்று தெரியாமலேயே, ஓடுவது ஒதுங்குகிறது என்று இந்த மாணவர் அளந்துவிட்டார்.

ஒரு கல்யாணக் கூட்டம் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு நடக்கிறது, எல்லாரும் ஒரு பக்கச் சுவரை ஒட்டியே போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நெரிசல், எதிர்ப்பக்கம் வெறிச்சென்று கிடக்கும். எலக்ட்ரான்களும் அப்படி ஒரு ஓரத்தில் சேர்வதால்தான் இரு ஓரங்களுக்கும் இடையே மின்னழுத்தம். ஒதுக்கும் விசை வேகத்தைப் பொறுத்தது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஏராளம் என்பதால் ஒவ்வொன்றும் மிக மெதுவாக நகர்ந்தாலே மின்னோட்டம் நிறைந்துவிடும். விளைவு அற்பமாக இருக்கும். சிலிக்கான் போன்ற குறைக்கடத்தியில் ஓடுபவை குறைவு. அதே மின்னோட்டத்துக்கு அவை வேகமாக ஓடியாக வேண்டும், ஆகவே விசையும் மின்னழுத்தமும் கூடும். ஹால் மெல்லிய ரேக்கைத் தேட வேண்டியிருந்ததும், இன்றைய உணரி குறைக்கடத்தியில் இருப்பதும் இதனால்தான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மூடிவிட்டதாக உணரி முடிவு செய்யும் காந்த அளவும், திறந்துவிட்டதாக முடிவு செய்யும் அளவும் ஒன்றல்ல; இரண்டாவது கொஞ்சம் குறைவு. பஸ் குலுக்கலில் மூடி லேசாக ஆடினாலும் லேப்டாப் விழித்து விழித்து அணையாமல் இருப்பது இந்த இடைவெளியால். மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகை உணரிகள் விநாடிக்குப் பல முறை கண நேரம் மட்டும் விழித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துகொள்கின்றன. ரத்த அழுத்தம் குறையும் என்று காந்தக் காப்பு விற்கிறார்கள். அதற்கு நம்பத்தக்க சான்று ஏதுமில்லை. ஆனால் அதை அணிந்த கையை இந்த உணரி இருக்கும் இடத்தில் வைத்தால் வேலைக்கு நடுவே திரை அணைந்துவிடக்கூடும்.

வாசகியின் லேப்டாப்புக்கு வருவோம். திரையோடு சட்டத்தையும் மாற்றும்போது பழைய சட்டத்திலிருந்த காந்தம் புதியதற்கு வராமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம். சோதித்துவிடலாம். லேப்டாப்பைத் திறந்து வைத்து, பொத்தான் அளவுள்ள ஒரு காந்தத்தை விசைப்பலகையின் ஓரங்களிலும் கை வைக்கும் பகுதியின் ஓரங்களிலும் மெல்ல நகர்த்துங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் என்றால் ஸ்பீக்கர் காந்தம் போன்ற வலுவானவை வேண்டாம். ஓரிடத்தில் திரை அணைந்தால் உணரி நலமாக இருக்கிறது, மேலே காந்தம்தான் இல்லை. பழுது பார்த்த கடையில் கேட்டால் ஒட்டித் தருவார்கள்.

ஸ்டார்ட் மெனுவிலிருந்தும் தூங்காத லேப்டாப் என்றால் தடுப்பது யார் என்று அதையே கேட்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி, இடம் விட்டு, சாய்கோடு போட்டு ரிக்வெஸ்ட்ஸ் என்று அடியுங்கள். தூங்க விடாதபடி கேட்டிருக்கும் மென்பொருள்களின் பெயர்கள் வரும். பாட்டோ மீட்டிங்கோ திறந்தபடி கிடக்கும் பிரவுசர் டேப்தான் பெரும்பாலும் அகப்படும். ரிக்வெஸ்ட்ஸ் இருந்த இடத்தில் லாஸ்ட்வேக் என்று அடித்தால் கடைசியாக எழுப்பியது எது என்று தெரியும். பையில் நசுங்கும் வயர்லெஸ் மவுஸாகவும் இருக்கலாம்.

இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். லித்தியம் அயனி பேட்டரியில் சூடு ஏற ஏற, மின்வாய்ப் பரப்பில் வேண்டாத வினைகள் விரைவடைந்து லித்தியத்தைத் தின்கின்றன. போன கொள்ளளவு திரும்பாது. இந்த வேதியியலை ஆராய்பவர்கள் காரைக்குடியிலேயே இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்தான் அது. அப்போது நாடு விடுதலையாகி ஓராண்டுகூட ஆகவில்லை. அன்று கிடைத்த தாராளம் இன்று ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உடனடிப் பயன் என்ன என்று எழுதினால்தான் பணம் என்றிருந்தால் ஹாலுக்குத் தங்க ரேக்கு வாங்கக்கூடக் காசு கிடைத்திருக்காது.

காந்தம் ஒட்டும் வரை, பஸ் ஏறும் முன் ஹைபர்னேட் கொடுத்துவிடுங்கள். ராமில் உள்ளது அனைத்தும் டிஸ்க்கில் எழுதப்பட்டு மின்சாரம் முழுதாக நின்றுவிடும். ஸ்டார்ட் மெனுவில் அந்தத் தேர்வு தெரியாவிட்டால் பவர் ஆப்ஷன்ஸில் இயக்கிக்கொள்ளலாம். திறக்கும்போது ஸ்லீப்பை விடச் சற்று நேரம் பிடிக்கும்.