வால்பாறையில் மழைக்காடு திரும்பி வருவது எப்படி?

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. மேலே போனதும் எங்கு திரும்பினாலும் பச்சைதான். ஆனால் அதில் பெரும்பகுதி தேயிலை. 1890களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டி வைத்த தோட்டங்கள் அவை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரந்த இந்தப் பீடபூமியைச் சுற்றிலும் காடு: ஒரு பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், மறுபக்கம் கேரளத்தின் பறம்பிக்குளமும் வாழச்சாலும். நடுவே எஸ்டேட்டுகள், லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள், ஒரு சின்ன டவுன். எஸ்டேட்டுகளுக்குள் வெட்டாமல் விட்டதும் பாதி வெட்டி விட்டதுமாக நாற்பதுக்கு மேல் காட்டுத் துண்டுகள் கிடக்கின்றன. சில துண்டுகள் ஒரு ஹெக்டேர்கூடத் தேறாது.

சிறிய துண்டுக்கு என்ன சங்கடம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காட்டின் ஓரத்தில் வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து மண்ணை உலர்த்தும். அந்தப் பாதிப்பு 30 மீட்டர் வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் சதுரத் துண்டில் பாதிக்கப்படாத நடுப்பகுதி 40-க்கு 40 மீட்டர்தான், அதாவது 16 சதவீதம். 100 ஹெக்டேர் துண்டிலோ 88 சதவீதம் தப்பிவிடும். சின்னத் துண்டு என்பது கிட்டத்தட்ட முழுக்க ஓரம்தான். உண்ணிச்செடி புதராக மண்டுவதும், மைக்கேனியா கொடி ஏறி மரங்களை மூடுவதும் அங்கேதான்.

சரி, வெட்டாமல் விட்டுவிட்டால் காடு தானாக வளர்ந்துவிடாதா? வளரும். என்ன மரம் வளரும் என்பதுதான் பிரச்சினை. வட்டக்கண்ணி மாதிரி வெயில் தாங்கும் மரங்களின் விதை சிறியது. கொண்டைக்குருவி தின்று எச்சமிட்டே அதைப் பரப்பிவிடும். மழைக்காட்டின் முதுமரங்கள் அப்படியில்லை. கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்றவற்றின் விதை பெரியது, கனமானது. நிழலில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாற்றுக்கு வேண்டிய கட்டுச்சோறு அந்த விதைக்குள்தான் இருக்கிறது. இந்தப் பழத்தைச் சின்னப் பறவை விழுங்க முடியாது. பெரிய அலகு கொண்ட இருவாட்சிப் பறவை வேண்டும், பெரிய புறாக்கள் வேண்டும், மரநாய் வேண்டும். இருவாட்சி பழத்தை முழுசாக விழுங்கி, சதையைச் செரித்து, கொட்டையைத் தாய்மரத்துக்குத் தொலைவில் கக்கும். தேயிலைக்கு நடுவே தனியாகக் கிடக்கும் துண்டுக்கு இந்த விருந்தாளிகள் வருவது அபூர்வம். அதனால் அங்கே வட்டக்கண்ணி வரும், குங்கிலியம் வராது.

2000ஆம் ஆண்டு வாக்கில் திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகிய ஆய்வாளர்கள் மைசூரின் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் சார்பில் எஸ்டேட் நிர்வாகங்களோடு பேசி, இந்தத் துண்டுகளைச் சீர்செய்யும் வேலையில் இறங்கினார்கள். இருவாட்சி செய்யாமல் விட்டதை மனிதர்கள் கையால் செய்வது என்று அந்த வேலையைச் சொல்லலாம்.

முதல் சிக்கல் விதையிலேயே இருக்கிறது. நெல்லைக் காயவைத்துக் குதிரில் போட்டுவைப்பதுபோல மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதையைச் சேமிக்க முடியாது. ஈரம் காய்ந்தால் செத்துவிடும். பொறுக்கிய சூட்டோடு நாற்றுப்பண்ணைக்குக் கொண்டுவந்து மண்ணில் போட்டாக வேண்டும். ஆக இங்கே விதை வங்கி என்றால் நாற்றுகள்தான்: நிழல் வலைக்கடியில் பாலித்தீன் பைகளில் வரிசையாக நிற்கும் குட்டி மரங்கள். பொறுக்கும் இடமும் யோசித்துத் தேர்ந்ததுதான். காட்டுக்குள் விழுந்ததைக் காட்டுக்கே விட்டுவிட்டு, சாலையோரம் தாரில் விழுந்து டயரில் நசுங்கப்போகும் விதைகளை எடுப்பார்கள். மரநாய் எச்சத்திலிருந்தும் கழுவி எடுப்பதுண்டு. இப்படி நூற்றுக்கு மேற்பட்ட மர வகைகள் இந்த நாற்றுப்பண்ணையில் வளர்ந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம்: வெடிப்பலா. காய் சின்னப் பலாப்பழம் மாதிரி முள்முள்ளாக இருக்கும், முற்றினால் வெடிக்கும். பூக்கள் இலைக்கு நடுவே வராமல் முதிர்ந்த கிளைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். காட்டில் பழம் குறைந்த கோடை மாதங்களில் அந்தப் பூவையும், பின்னால் வரும் விதையையும் நம்பித்தான் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, வயிற்றைக் கழுவுகிறது. பூவைத் தின்னவரும் வௌவால் உள்ளிட்ட பாலூட்டிகளே மகரந்தத்தையும் கடத்துகின்றன. ஒரு துண்டில் வெடிப்பலா இல்லையென்றால் குரங்குக்கு அங்கே பஞ்சகாலம் என்று அர்த்தம். ஆயிரம் சில்வர் ஓக் நட்டாலும் அது தீராது. தேயிலைக்கு நிழலாக எங்கும் நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். 'இத்தனை லட்சம் கன்று நட்டோம்' என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என்ன கன்று என்று கேட்கத் தோன்றுகிறது.

நடுவதற்கு முன் களை எடுக்க வேண்டும். உண்ணிச்செடியை மொத்தமாக வழித்தெடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் புதருக்குள் தானாக முளைத்து நிற்கும் நாட்டுக் கன்றுகளும் சேர்ந்து போய்விடும். அதனால் கையால், பார்த்துப் பார்த்து வெட்டுகிறார்கள். உண்ணிச்செடியைவிட ஏமாற்றுக்காரன் ரொபஸ்டா காப்பி. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பழத்தைத் தின்ற மரநாயும் குரங்கும் கொட்டையைக் காட்டுக்குள் போட, காப்பிச்செடி நிழலிலேயே சுகமாக வளர்ந்து தரையை அடைத்துக்கொள்கிறது. விதை பரப்பும் விலங்குக்கு நாட்டு மரம், வந்த மரம் என்ற பேதம் கிடையாது. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் பல வகைக் கன்றுகளைக் கலந்து நடுவார்கள். அப்புறமும் இரண்டு மூன்று வருஷம் களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மர உச்சிகள் கூரைபோல மூடி நிழல் விழுந்தபின் உண்ணிச்செடி தானே ஒடுங்கும்.

மரம் வந்தால் மட்டும் போதாது, விலங்கு உயிரோடு வந்துபோகவும் வேண்டும். டவுனை ஒட்டிய புதுத்தோட்டம் துண்டில் வாழும் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டன. மரத்துக்கு மரம் தாவும் பிராணி, கிளைகள் தொடாத இடத்தில் தரைக்கு இறங்கியாக வேண்டும். பழைய தீயணைப்புக் குழாய்களைச் சாலைக்கு மேலே மரங்களுக்கிடையே கட்டினார்கள். குரங்குகள் அவற்றைப் பாலமாகப் பயன்படுத்துகின்றன.

யானைக்கு வேறு வழி. பகலில் அது ஆற்றோரக் காட்டுப் பட்டைகளில் ஒதுங்கி, தோட்டத்தைப் பெரும்பாலும் இரவில் கடக்கிறது. ஆகவே நடு ஆறு, சோலையாறு என்ற ஆறுகளின் கரைகளில் மரம் இருந்தால் யானை லயன் வீடுகள் பக்கம் வரும் தேவை குறையும். இங்கே யானையால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை, யானை அங்கே நிற்பது தெரியாமல் ஆள் எதிரே போய் நின்றதால் நேர்ந்தவை. அதனால் யானை நிற்கும் இடத்தைக் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், குறுஞ்செய்தி அனுப்பினார்கள், உயரமான இடங்களில் செல்போன் அழைப்பால் எரியும் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். இந்த வேலைக்காக அதே ஃபவுண்டேஷனின் ஆய்வாளர் ஆனந்தகுமார் 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார். விளக்கை எரியவிடுவது அந்தந்த இடத்து ஆட்களே.

நட்டதற்குப் பலன் இருந்ததா? கன்று நட்டு 7 முதல் 15 ஆண்டு ஆன இடங்களை, சும்மா விட்ட துண்டுகளோடும் நல்ல காட்டோடும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. நட்ட இடங்களில் நிழல், மர வகைகள், மரத்தில் சேர்ந்த கார்பன் எல்லாமே சும்மா விட்ட இடங்களைவிடக் கூடுதல்; ஆனால் நல்ல காட்டை இன்னும் எட்டவில்லை. பெரிய காட்டை விட்டுத் தள்ளிக் கிடக்கும் துண்டுகளில்தான் நடுவதன் லாபம் அதிகம். காட்டை ஒட்டிய துண்டுக்கு இருவாட்சியே வந்துவிடும். அங்கே களை எடுத்து, விறகு வெட்டாமல் காத்தாலே பெரும்பாலும் போதும். நாற்றும் கூலியும் போக வேண்டியது தேயிலைக்கு நடுவே தனித்துக் கிடக்கும் துண்டுகளுக்கு.