லேசர் ஒளியை இழக்காமல் திருப்புவது எப்படி?

ஒரு கல்லூரி மாணவரிடமிருந்து கேள்வி. லேசர் பாயிண்டரின் ஒளியைப் போலராய்டு தகடு வழியே சுவரில் விழச் செய்து, தகட்டைச் சுழற்றியிருக்கிறார். புள்ளி மங்கிப்போய் மறுபடி பிரகாசமானது. “இந்த ஒளியின் தளவிளைவுத் திசையை வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும். லேசரையே உருட்டுவதைத் தவிர வேறு வழி உண்டா?” என்கிறார். உண்டு, மிக அழகான வழி.

ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறதோ அதுதான் தளவிளைவுத் திசை. போலராய்டு தன் அச்சுக்கு இணையான கூறை மட்டும் விட்டு, மற்றதை விழுங்கிவிடும். மிஞ்சும் செறிவின் பங்கு, மாலஸ் விதிப்படி, அச்சுக்கும் அதிர்வுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் வர்க்கம். பாயிண்டரில் உள்ள டயோடு லேசர் பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும் ஒளியைத் தருவதால்தான் புள்ளி மங்கியது.

சரி, அந்தப் போலராய்டையே வைத்துத் திருப்பினால்? 60 டிகிரி திருப்ப நான்கில் மூன்று பங்கு ஒளியை இழக்க வேண்டும். 90 டிகிரிக்கு எதுவுமே மிஞ்சாது.

இங்கேதான் குவார்ட்ஸ் போன்ற படிகத்தில் வெட்டிய அரை அலைத்தட்டு வருகிறது. குவார்ட்ஸ் படிகத்துக்குள் ஒளிக்கு இரண்டு வேகங்கள். ஓர் அச்சில் அதிரும் ஒளி வேகமாகவும், அதற்குச் செங்குத்தாக அதிர்வது சற்றே மெதுவாகவும் போகும். ஒளிவிலகல் எண்களின் வித்தியாசம் 0.009 அளவுதான். உள்ளே நுழையும் சாய்வான அதிர்வை இந்த இரண்டு அச்சுகளிலும் கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள். தட்டின் தடிமன் சரியாக இருந்தால், வெளியே வரும்போது மெதுவான கூறு அரை அலைநீளம் பின்தங்கியிருக்கும். அதாவது, அதன் குறி பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மாறிவிடும். ஒரு கூறு அப்படியே இருக்க, மற்றது மட்டும் குறி மாறினால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்த திசை அச்சுக்கு மறுபக்கம் போய் விழும், கண்ணாடியில் பிம்பம் விழுவதுபோல. அச்சுக்கு இந்தப் பக்கம் 20 டிகிரியில் வந்த அதிர்வு அந்தப் பக்கம் 20 டிகிரியில் வெளியேறும். ஆக 40 டிகிரி திரும்பிவிட்டது. தட்டை இன்னும் 10 டிகிரி சுழற்றினால் ஒளி 20 டிகிரி சுழலும். எந்தக் கூறும் உறிஞ்சப்படாததால் ஒளி ஏறக்குறைய முழுதாக வந்து சேர்கிறது. எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் எனக்கு இது சலித்ததே இல்லை.

632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசருக்குத் தேவையான தடிமன் எவ்வளவு? அரை அலைநீளமான 316.4-ஐ 0.009-ஆல் வகுத்தால் சுமார் 35 மைக்ரோமீட்டர். அவ்வளவு மெல்லிய தட்டைக் கையாள்வது கஷ்டம். அதனால் தடிமனான இரண்டு தட்டுகளை அச்சுகள் செங்குத்தாக அமையும்படி சேர்க்கிறார்கள். ஒன்று உண்டாக்கும் பின்னடைவை மற்றொன்று கழித்துவிட, இரண்டின் தடிமன் வித்தியாசமான அந்த 35 மைக்ரோமீட்டர் மட்டும் வேலை செய்யும்.

அப்புறம், போலராய்டின் அச்சு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? குறி அழிந்த தகடுகள் எல்லா ஆய்வகத்திலும் கிடக்கும். இதற்கு புரூஸ்டர் 1815-இல் கண்ட விதி போதும். மேசைமேல் கிடக்கும் கண்ணாடியில் சுமார் 56 டிகிரி படுகோணத்தில் பட்டு எதிரொளிக்கும் விளக்கொளி கிடைமட்டமாக மட்டுமே அதிரும். அந்தப் பிம்பத்தைப் போலராய்டு வழியே பார்த்தபடி சுழற்றுங்கள். பிம்பம் மறையும் நிலையில் அச்சு செங்குத்தாக நிற்கிறது. இதை விளக்கொளியில் மட்டும் செய்யுங்கள். லேசர் கற்றையையோ அதன் எதிரொளிப்பையோ கண்ணால் பார்க்கவே கூடாது.

பெரிய லேசருக்குப் பணம் ஒதுக்கும் இடங்களில்கூட, செலவைக் குறைக்கும்போது அலைத்தட்டும் அதைச் சுழற்றும் தாங்கியும்தான் முதலில் அடிபடுகின்றன. இது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். தளவிளைவை அளக்காமல் செய்யும் பரிசோதனையில், வந்த மாற்றம் மாதிரியிலிருந்தா (ஆராயும் பொருளிலிருந்தா) ஒளியிலிருந்தா என்று எப்படிப் பிரிப்பது?

போலராய்டைச் சுழற்றியும் செறிவு மாறவே இல்லை என்றால், ஒளி தளவிளைவற்றது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மின்புலத்தின் திசை சுழன்றுகொண்டே வரும் வட்டத் தளவிளைவும் அப்படித்தான் காட்டும். போலராய்டுக்கு முன்னால் ஒரு கால் அலைத்தட்டை, அதாவது மெதுவான கூறைக் கால் அலைநீளம் மட்டும் பின்தள்ளும் தட்டை, வையுங்கள். வட்டத் தளவிளைவாக இருந்தால் அது நேர்கோட்டு அதிர்வாக மாறி, போலராய்டின் ஏதோ ஒரு கோணத்தில் புள்ளி அணைந்துவிடும். தளவிளைவற்ற ஒளி அப்போதும் மாறாது. இந்தச் சோதனையை மாதிரிக்கு நேர் முன்னால் செய்வது முக்கியம். வழியில் சாய்வாக நிற்கும் உலோகக் கண்ணாடிகள் இரண்டு கூறுகளுக்கும் வெவ்வேறு கட்ட மாற்றம் (அலையின் முன்பின் நகர்வு) தருவதால், லேசரின் வாயில் நேர்கோடாகப் புறப்பட்டது மாதிரியைச் சேரும்போது நீள்வட்டமாகியிருக்கலாம்.