இரண்டு இரவில் 400 பக்கம் எப்படி முடிகிறது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உயர்நிலை இரண்டில் படிக்கும் அவருடைய மகள், பதின்ம வயதினருக்காக எழுதப்படும் 400 பக்க ஆங்கில இளையர் நாவலை இரண்டே இரவில் முடித்துவிடுகிறாளாம். அம்மாவும் எடுத்துப் புரட்டியிருக்கிறார்: எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம், பக்கத்துக்குப் பக்கம் இதயம் படபடக்கிறது, நடையில் ஒன்றுமே இல்லை, இதில் என்ன இருக்கிறது என்று இப்படி விழுந்து கிடக்கிறாள்?

பதில் அந்த நடையிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும்.

படிக்கும்போது நம் கண் வரியின் மேல் சீராக ஓடுவதில்லை, தாவித் தாவிப் போகிறது. இது 1870களிலேயே பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் கவனிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு தாவல் சுமார் 7, 8 எழுத்து தூரம். ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே கண் கால் நொடி போல நிற்கும், அந்த நேரத்தில்தான் எழுத்தை வாங்கிக்கொள்கிறது. சரி, இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1975இல் ஜார்ஜ் மெக்கான்கி, கீத் ரேய்னர் என்ற இரு வாசிப்பு ஆய்வாளர்கள் செய்தது. கணினித் திரையில் ஒரு பத்தி. படிப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்று கருவி நொடிக்கு நொடி கவனித்து, அந்த இடத்தைச் சுற்றி ஒரு சிறு சன்னலில் மட்டும் உண்மையான எழுத்தைக் காட்டும், மற்ற இடமெல்லாம் வெறும் எக்ஸ். கண் நகர்ந்தால் சன்னலும் கூடவே நகரும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத் திரை முழுக்க எக்ஸ் குவியலாகத் தெரியும், ஆனால் படிப்பவரோ எந்தத் தடங்கலும் இல்லாமல் படித்துக்கொண்டே போவார்! இப்படிப்பட்ட சோதனைகளில் தெரியவந்தது, இடப்பக்கம் 3, 4 எழுத்தும் வலப்பக்கம் 14, 15 எழுத்தும் இருந்தால் போதும், வேகம் குறையாது. வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ருவைப் படிக்கும்போது இந்தச் சன்னல் அப்படியே திரும்பி இடப்பக்கம் நீள்கிறது. அதாவது கண் போகப்போகும் திசையில் மூளை முன்கூட்டியே எட்டிப் பார்க்கிறது.

எட்டிப் பார்த்து என்ன செய்கிறது? அடுத்த சொல் சிறியதாக, பழகியதாக, எதிர்பார்த்ததாக இருந்தால் அதன் மேல் நிற்காமலே தாண்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு சொல் இப்படித் தாண்டப்படுகிறது. அரிய சொல் வந்தால் கண் கூடுதல் நேரம் நிற்கும், வாக்கியம் குழப்பினால் பின்னால் போய்த் திரும்பப் படிக்கும்.

இப்போது அந்த இளையர் நாவலுக்கு வாருங்கள். பெரும்பாலும் 'நான்' சொல்லும் கதை, நிறைய உரையாடல், குட்டி வாக்கியம், ஆயிரம் முறை கேட்ட சொற்றொடர்கள். விமர்சகர்கள் தேய்ந்த சொற்றொடரை வெறுக்கிறார்கள், கண்ணுக்கோ அதுதான் சுலபம், பழகிய தொடர்களை நாம் வேகமாகப் படிக்கிறோம் என்று கண்நகர்வு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. சொல்லைப் புரிந்துகொள்வதில் செலவாகாத கவனம் எல்லாம் 'அடுத்து என்ன ஆகும்' என்பதற்குப் போய்விடுகிறது. அத்தியாயம் ஒரு கேள்வியோடு முடிந்தால் விளக்கை அணைக்க எந்தப் பதினான்கு வயதுக்குத்தான் மனசு வரும்?

அதற்காக எல்லாமே நல்ல எழுத்து என்று நான் சொல்ல மாட்டேன். வழுக்கிக்கொண்டு போவது மட்டுமே தெரிந்த புத்தகம் மறு வாரம் மறந்துவிடும். நல்ல இளையர் எழுத்தாளர் பத்துப் பக்கம் ஓடவிட்டு, சரியான இடத்தில் கண்ணை நிறுத்தும் ஒரு சொல்லை வைப்பார், ஒரு மரணமோ துரோகமோ அங்கே வந்து உட்காரும். அந்த நிறுத்தத்துக்கு அவ்வளவு பலம் கிடைப்பது முன்னால் அவ்வளவு வேகம் இருந்ததால்தான். எளிய நடை படித்தால் பிள்ளையின் மொழி கெட்டுவிடும் என்று இங்கே பல வீடுகளில் நம்புகிறார்கள். எனக்கு அது வெறும் மூடநம்பிக்கையாகத்தான் படுகிறது.

அதே பெண் தமிழில் ஐந்து பக்கத்தில் களைத்துவிடுகிறாள் என்றும் அந்த அம்மா எழுதியிருந்தார். 'போய்க்கொண்டிருந்தபோது' என்பது நமக்கு ஒரே சொல், அதற்குள் கண் இரண்டு மூன்று முறை இறங்கி ஏற வேண்டியிருக்கலாம். வீட்டில் பேசுவது ஒரு தமிழ், பக்கத்தில் இருப்பது வேறு தமிழ், அதனால் அடுத்த சொல்லை ஊகிப்பதும் கஷ்டம். கண்நகர்வு ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் வேறு சில பெரிய மொழிகளிலும் நடந்தவை. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடு இது, தமிழ் படிக்கும் மாணவர்களும் கருவிகளும் இங்கேயே இருக்கும்போது, நம் பிள்ளைகளின் கண் தமிழ் வரியில் எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று அளக்கப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். விழாக்களுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு போதும்.

அதுவரை அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை. உரையாடல் நிறைந்த ஒரு தமிழ்த் தொடர்கதையை நூலகத்தில் எடுத்து, முதல் பாகத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள். அதே பெயர்கள், அதே ஊர், அதே எழுத்தாளரின் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் இரண்டாம் பாகத்தில் அவள் கண் தாண்டக்கூடிய சொற்கள் கூடியிருக்கும்.