புளிய மரங்களுக்கிடையே ஒரு பெண்ணாட்சி

குரங்குகளுக்கு உறவான லெமூர் எனும் பாலூட்டிகளில் நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மரத்தை விட்டு அரிதாகவே இறங்கும். தீவின் தெற்கிலும் தென்மேற்கிலும் வாழும் வளையவால் லெமூரோ பகலில் கணிசமான நேரத்தைத் தரையிலேயே கழிக்கிறது. அங்கு ஆண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான் என்பதால், ஆற்றோரங்களைத் தவிர மற்ற இடங்களில் முட்புதர்க் காடுகளே மிகுதி.

மன்ட்ராரே ஆற்றங்கரையிலுள்ள பெரென்டிக் காட்டில் இவற்றின் முதன்மை உணவு நாம் நன்கறிந்த புளிதான். துளிர்க்கும் காலத்தில் கொழுந்தையும், வேறெதுவும் எளிதில் கிடைக்காத வறண்ட மாதங்களில் பழத்தையும் அந்த மரங்கள் தருகின்றன. குளிர்ந்த இரவுக்குப் பின் கூட்டமாக அமர்ந்து, கைகளை விரித்து, வயிற்றைக் கதிரவனுக்குக் காட்டி வெயில் காய்வது இவற்றின் வழக்கம். உடல் தானே வெப்பத்தை உண்டாக்கச் செலவிடும் ஆற்றல் அதனால் மிச்சமாகிறது.

1960களில் இக்காட்டில் ஆய்வு செய்த ஆலிசன் ஜாலி, வளர்ந்த பெண்கள் எல்லா ஆண்களையும் அடக்கி வைப்பதைக் கண்டு பதிவு செய்தார். பழமோ நிழலோ, பெண் நெருங்கினால் ஆண் விலகிக்கொள்ளும். இதற்கான காரணத்தை இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் பருவத்தை ஒட்டியது. நான்கரை மாதக் கருக்காலம் முடிந்து செப்டம்பர் வாக்கில் குட்டி பிறக்கிறது. அது தானே இரை தேடத் தொடங்கும்போது மழை வந்து தளிர் பெருகியிருக்கும் என்றாலும், அதுவரை பஞ்ச காலத்திலேயே பாலூட்ட வேண்டிய தாய்க்கு உணவில் முன்னுரிமை இல்லையெனில் குட்டி பிழைப்பது கடினம்.

பெண் இணைசேர இசைவது ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஒரு நாளுக்கும் குறைவான நேரமே. ஆகவே அந்நாட்களில் ஆண்களிடையே போட்டி உச்சத்தை எட்டுகிறது. மணிக்கட்டிலுள்ள சுரப்பிகளின் கசிவை வாலில் தேய்த்து, அதை எதிராளியின் முகத்துக்கு நேரே அசைத்து மோதும் இந்த நாற்றப் போரில், இருவரில் ஒருவர் பின்வாங்கும்வரை வால்கள் ஓய்வதில்லை. அதே வாலைப் பெண்ணை நோக்கி ஆட்டும் ஆணுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஓர் அறைதான்.